பெட்டியில் பருப்பு இருப்பதைச் சொல்லிவிட்டால் அபராதம் உண்டா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து மெல்போர்ன் கிளம்புகிறேன். துவரம்பருப்பு, கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை, மகள் வீட்டுத் தோட்டத்துக்கு அவரை விதை, பிரசவ லேகியம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். பிடித்தால் பெரிய அபராதம், விசாவே போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது பருப்பைப் பார்த்து அல்ல, விமானத்தில் தரும் பயணி அட்டையைப் பார்த்து. உணவு, விதை, செடி, விலங்குப் பொருள் இருக்கிறதா என்று அதில் கேட்பார்கள். 'ஆம்' என்று குறித்து, கேட்கும்போது எடுத்துக் காட்டிவிட்டால், அந்தப் பொருள் தடை செய்யப்பட்டதாகவே இருந்தாலும் உங்களுக்குத் தண்டனை கிடையாது. பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு பையிலிருந்து ஒரு முடிச்சு விதை வந்தால், வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் நுழையாமல் தடுக்கும் ஆஸ்திரேலியாவின் 2015ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பொய்த் தகவல்.

தொகை எவ்வளவு? ஆஸ்திரேலியச் சட்டங்களில் அபராதத்தை டாலரில் எழுதாமல் 'அபராத அலகு' என்று எழுதிவிட்டு, அலகின் மதிப்பை அவ்வப்போது ஏற்றுவார்கள். 2022இல் பாலித் தீவிலிருந்து டார்வின் நகரில் இறங்கிய ஒருவர் பையில் இரண்டு மெக்மஃபினும் (முட்டை, இறைச்சி வைத்த ரொட்டி) ஒரு ஹாம் குரோசானும் (பன்றி இறைச்சி வைத்த ரொட்டி) அறிவிக்காமல் இருந்தன. மோப்ப நாய் கண்டுபிடித்தது. 12 அலகு, அதாவது 2,664 ஆஸ்திரேலிய டாலர் கட்டினார். அன்று அலகு 222 டாலர். 2024 நவம்பரில் அது 330 ஆனது. அந்தக் கணக்கில் அதே 12 அலகு 3,960 டாலர். அவர் விமான டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிட அந்தக் காலைப் பலகாரத்துக்குக் கொடுத்தது அதிகமாக இருந்திருக்கும்! வழக்கு நீதிமன்றம் போனால் சிறை வரை இடமுண்டு.

விசா விஷயமும் வதந்தி அல்ல. 2019 ஏப்ரலிலிருந்து, சுற்றுலா போன்ற பார்வையாளர் விசாக்களை விமான நிலையத்திலேயே ரத்து செய்ய முடியும். அந்த ஆண்டு அக்டோபரில் சிட்னியில் இறங்கிய வியட்நாம் பெண்மணி ஒருவர்தான் முதல் ஆள். பச்சைப் பன்றி இறைச்சி உட்படப் பத்து கிலோவுக்குமேல் அறிவிக்காத உணவு. வந்த வழியே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் போவதும் பார்வையாளர் விசாவில்தான் என்றால் இது உங்களுக்கும் பொருந்தும்.

இனி உங்கள் பெட்டி. பருப்பு, மல்லி, சீரகம், மிளகாய், அரிசி எல்லாம் 'காப்ரா' வண்டு தங்கும் பொருட்கள். நம் துணைக்கண்டத்து வண்டு. தானியக் கிடங்கை நாசமாக்கும், அதன் புழு தீனியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் 2020இலிருந்து இவற்றைப் பயணிகள் கொண்டுவரவே தடை. வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். மெல்போர்ன் இந்தியக் கடைகளில் துவரம்பருப்புக்குப் பஞ்சமில்லை.

பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சி கறிவேப்பிலையில் நன்றாக வளரும். அந்தப் பூச்சியும் நோயும் நம் ஊரில் உண்டு, அங்கே இல்லை. ஒரு கொத்து இலைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று எரிச்சல் வரலாம். என் பார்வையில் இந்த விதி நியாயமானதே.

அவரை விதையைத் துணியில் முடிந்து கொண்டுபோனால் கட்டாயம் பறிபோகும். விதைக்கும் விதை என்றால் அனுமதிப் பட்டியலில் உள்ள இனமாக, உறையில் தாவரவியல் பெயரோடு இருக்க வேண்டும்.

லேகியத்தை அறிவித்தே ஆக வேண்டும். நெய் சேர்ந்திருந்தால் பால்பொருள் விதிகளும் குறுக்கே வரும். வீட்டில் கிண்டியதைவிட, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட, கடையில் வாங்கிய மூடிய டப்பா கொண்டுபோனால் அதிகாரிக்குப் புரியவைப்பது எளிது. அப்படியும் எடுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், வாதாட வேண்டாம்.

அட்டையை நீங்களே நிரப்புங்கள். பக்கத்து இருக்கைக்காரர் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது. சந்தேகமான பொருள் எதுவானாலும் 'ஆம்' பக்கமே குறியுங்கள். விமானத்தில் தந்த ஆப்பிளைப் பையில் போட்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.