வாசகர் கேள்வி-பதில்: பிள்ளைக்கு வழிகாட்ட வருகிறேன் என்கிறார்கள், நம்பலாமா?

வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வரும் தன்னார்வலர்களைப் பற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன, உதவி வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள், செய்கிறவர்களும் கேட்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 2. ஓர் அமைப்பிலிருந்து வந்தவர், வாராவாரம் வந்து வழிகாட்டுகிறேன், காசு வேண்டாம் என்கிறார். அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். சரி என்று சொல்லலாமா? (திருப்பூர்)

பயப்படுவதில் தப்பே இல்லை அம்மா. முதலில் கேள்வி கேளுங்கள், கேட்டதற்கே முகம் சுளிக்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, அமைப்பின் அலுவலகத்துக்கே போன் போட்டு இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பாப்பாவுக்குப் பெண் வழிகாட்டிதான் வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சந்திப்பது பள்ளியிலோ நூலகத்திலோ நீங்கள் இருக்கும்போது வீட்டிலோ இருக்கட்டும். வண்டியில் கூட்டிப்போவது, தனியாகச் சந்திப்பது, ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பேசுவது எல்லாம் கிடையாது. ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பிளஸ் 2 முடிந்து கல்லூரியில் சேரும் வரை உள்ள அந்த இரண்டு மூன்று மாதம்தான் விவரம் தெரிந்த ஓர் ஆள் கூட இருக்க வேண்டிய நேரம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவளாக இருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; மருத்துவத்துக்கு 2020லும் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு 2021லும் வந்தது, அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்று. இவ்வளவும் இருந்தும் பல பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் தெரியுமா? ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க்‌ஷீட்டில் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. அதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கும் பேங்குக்கும் அலைய வேண்டும், நீங்கள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த அலைச்சலில் கூட வருகிறாரா என்று பாருங்கள். கலந்தாய்வுக்குக் கல்லூரி வரிசையைப் பதியும்போதும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், பிரவுசிங் சென்டர்காரர் தனக்குத் தெரிந்த கல்லூரியை முதலில் போட்டுவிடுவதும் நடக்கிறது.

பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நேரம் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்ல அறிவுரையும் நிறைய இருக்கிறது. எங்கே சேரலாம்? (திருநெல்வேலி)

அறிவுரை நிறைய இருக்கிறது என்பதுதான் சார் கொஞ்சம் உதைக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை, தெருவில் போகிறவரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள்தான் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் 1904லிருந்து இந்த வேலையைச் செய்துவரும் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பின் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நல்ல பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் விட்டுவிட்டுப் போன இடங்களில் பிள்ளைகளின் தன்னம்பிக்கை முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதனால் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போகிற திட்டம் இருந்தால், போய்வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து கல்விக் கடன் விவரம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது எத்தனை அப்பா அம்மாவுக்குத் தெரியும்? கிளையில் இல்லை என்று கையை விரித்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிற தைரியம் உங்களுக்கு வரும், அவர்களுக்கு வராது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் போய்ப் பாருங்கள். அகரம், பூமி போன்ற அமைப்புகளும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கின்றன.

கல்லூரி மாணவன். நான் வழிகாட்டும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலை செய்கிறார். வாராவாரம் நூறு, இருநூறு கேட்கிறான். கொடுக்கலாமா? (சென்னை)

கொடுக்காதே தம்பி. கல் மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு தடவை கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் உன்னிடம் கேட்க அவனுக்குக் கூச்சம், கொடுக்க உனக்குக் கடுப்பு, மூன்றாவது வாரம் இரண்டு பேரில் ஒருவர் வராமல் போய்விடுவீர்கள். நோட்டு, ஷூ மாதிரி நிஜமான தேவையாக இருந்தால் அமைப்பிடம் சொல், அவர்கள் வழியாகப் போகட்டும்.

நிஜமாகப் பணம் வேண்டிய வீடு அது, அதனால் இதைச் செய். கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நகரத்தில் 96,000, கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பையனின் ஆதார், பள்ளியில் படிக்கிறான் என்ற சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு அந்த அம்மாவோடு நீயே போய் வா. உடனே கிடைத்துவிடாது, என்ன ஆச்சு என்று விடாமல் கேட்க ஒரு ஆள் வேண்டும், அது நீயாக இரு.

‘யாரிடமும் சொல்லாதீங்க அக்கா’ என்று ஒரு பாப்பா எதையோ சொல்ல வந்தாள். சத்தியம் செய்து கொடுக்கலாமா? (மதுரை)

கூடாது. ‘உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லிவிட்டு அவள் பேசுவதைக் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதிவையுங்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், உங்களுக்கும் அது பொருந்தும், மறைத்தால் தண்டனை உண்டு. அமைப்பின் பொறுப்பாளரிடம் சொல்வது நல்லதுதான், ஆனால் ‘பேர் கெட்டுவிடும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அவர்கள் இழுத்தால் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம்.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். அதெல்லாம் வழிகாட்டல் கணக்கில் வருமா? (சேலம்)

வராமல்? 2021 அக்டோபரில், கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த இழப்பைச் சரிக்கட்ட ஆரம்பித்த திட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதே தெருப் பெண்கள். எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குகிறவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் உங்களைப் போன்றவர்களைத்தான் அமைப்புகள் தேடிப்பிடிக்க வேண்டும்.

வழிகாட்டியாக இருந்தால் சர்டிஃபிகேட் தருவார்களா? வேலைக்கு உதவுமா? (கோவை)

தருவார்கள், உதவும். ஒரு வருடம் முடிந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.