தினமும் 180 லிட்டர் வடிகட்டும் சிறுநீரகம் ஒன்றரை லிட்டர் சிறுநீரை மட்டும் தருவது எப்படி?

வடிகட்டுவது சின்ன வேலை. வடிந்ததில் 99 சதவீதத்தை மீட்பதுதான் பெரிய வேலை.

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண் வடிகட்டும் அலகுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குளோமெருலஸ் என்ற தந்துகி முடிச்சு உண்டு. ரத்தம் நுழையும் நுண்தமனியைவிட வெளியேறும் நுண்தமனி குறுகல். அதனால் அழுத்தம் ஏறி நீர், உப்பு, குளுக்கோஸ், யூரியா எல்லாம் அந்த முடிச்சைச் சூழ்ந்திருக்கும் பௌமன் கிண்ணத்துக்குள் கசிகின்றன. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மி.லி. வடிகட்டுகின்றன. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் ரத்தத்திலேயே தங்கிவிடும்.

அடுத்துள்ள சுருள்குழல் மூன்றில் இரண்டு பங்கு நீரையும் சோடியத்தையும், கிட்டத்தட்ட முழுக் குளுக்கோஸையும் மீட்கிறது. அதையடுத்து வரும் U வடிவக் குழலான ஹென்லே வளைவின் இறங்குகிளை நீரை வெளியே விடும். ஏறுகிளை உப்பை மட்டும் வெளியேற்றும். இந்த ஏற்பாட்டால் சிறுநீரகத்தின் உட்பகுதி கடும் உப்பாகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து, நீரைத் தக்கவைக்கும் ஏடிஹெச் ஹார்மோன் சுரந்தால் சேகரிப்புக் குழாயின் சுவரில் நீர் வாயில்கள் திறக்க, உட்பகுதியின் அந்த உப்பு, குழாயிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காத நாளில் சிறுநீர் அடர்மஞ்சளாவது இதனால்தான்.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால் மீட்கும் கடத்திகள் திணறும். மிஞ்சும் குளுக்கோஸ் நீரையும் இழுத்துச் செல்வதால் அடிக்கடி சிறுநீர் போகும். குளோமெருலஸ் என்ற சல்லடையே பழுதானால் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கசியும். ரத்தத்தில் தசைக் கழிவான கிரியேட்டினின் தாமதமாகவே உயரும் என்பதால், சர்க்கரை நோயாளிகள் அதை மட்டும் நம்பாமல் ஆண்டுக்கொருமுறை சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். அது 30 மி.கி./கிராமுக்குக் கீழே இருப்பதே சரி.