அடி நின்றால் போதும் என்கிறவர்களுக்கு: மதுரையிலிருந்து ஒரு கேள்வி பதில்

மதுரையில் 14 வருடமாக, வீட்டில் அடிபடும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் சில.

செல்லூர்: அக்கா, குடித்துவிட்டு அடிக்கிறார். கேஸ், ஜெயில் எல்லாம் வேண்டாம், அடி நின்றால் போதும். கேஸ் போடாவிட்டால் யாரும் உதவ மாட்டார்களாமே?

யார் சொன்னது தங்கச்சி? உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 2005-ல் குடும்ப வன்முறைச் சட்டமே வந்தது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நடந்ததைச் சொன்னால் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். நீங்கள் மனுக் கொடுத்தால், 'இனி இவள் மேல் கை வைக்கக் கூடாது' என்று கோர்ட் உத்தரவு போடலாம். அதை மீறினால்தான் அவருக்குத் தண்டனை: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மனுக் கொடுக்க மனசு வரவில்லையா, பரவாயில்லை. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டுப் பேசுங்கள். ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள்.

திருமங்கலம்: இதெல்லாம் குடிகாரன் வீட்டில்தானே நடக்கும்?

இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்கள் 100 பேரில் 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். குடித்தவன் கை சீக்கிரம் நீளும், உண்மைதான். ஆனால் அதே ஆள் எவ்வளவு போதையிலும் முதலாளியை அடிப்பதில்லையே.

உசிலம்பட்டி: வீடு மாமனார் பேரில் இருக்கிறது. 'என் வீட்டை விட்டு வெளியே போ' என்கிறார்.

பத்திரம் யார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமனார் மாமியார் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. சட்டப்படி இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். உரிமையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மேலூர்: சித்திரைத் திருவிழாவுக்கு வந்த தங்கச்சி கையில் சூட்டுத் தழும்பு. அம்மா 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் போய் மாப்பிள்ளையை நாலு சாத்து சாத்தவா?

வேண்டாம் தம்பி. நீங்கள் கொடுக்கிற நாலும் எட்டாகி அவள் மேல்தான் விழும். முதலில் அவளைத் தனியாகப் பாருங்கள். 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்காதீர்கள். 'எப்போது வேண்டுமானாலும் வா, சோத்துக்கும் இடத்துக்கும் குறையில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்தவும் வேண்டாம்; பெண் வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். என்னிடம் வந்த ஒரு பெண், கோலமாவு டப்பாவுக்குள் ஆதார் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், 600 ரூபாய் மூன்றையும் பாலிதீன் பையில் சுற்றி எட்டு மாதம் வைத்திருந்தாள். வாசலில் தினம் கோலம் போட்டது அவள்தான். அந்த டப்பாவை வேறு யாரும் தொடவில்லை. உங்கள் தங்கச்சிக்கு அந்த டப்பா உங்கள் வீட்டு பீரோவாக இருக்கட்டும். அம்மாவிடமும் பேசுங்கள். சீரும் மொய்யும் பார்த்துப் பார்த்துச் செய்தவருக்கு மகள் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். அந்தப் பயத்தைவிட அந்தத் தழும்பு பெரிது.

வாடிப்பட்டி: ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். யார், எதனால் அடித்தார் என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்குப் பேசப்போவது அந்தத் தாள்தான்.

அவனியாபுரம்: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100-க்கும் அழைக்கலாம்.

வில்லாபுரம்: பக்கத்து வீட்டில் ராத்திரியானால் அலறல். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடலாமா?

தாராளமாக. பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. அலறல் கேட்கும்போதே என்றால் 112. போலீஸ் வருவதற்குள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, 'உறைமோர் கொஞ்சம் இருக்கா?' என்று கேளுங்கள்.