வெளியூரில் இருப்பவர் ஊர்த் திருவிழாவுக்கு ஏன் வரி கொடுக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தன் ஊர் எது என்று எழுதவில்லை. பிழைப்புக்காக வெளியூர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, திருவிழாவுக்குக்கூட வருவதில்லை, ஆனாலும் பாரதத்துக்குத் (திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதக் கதையைப் பாடியும் கூத்தாடியும் நடத்தும் திருவிழா) தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் வரி, கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, இது நியாயமா என்று கேட்டிருக்கிறார்.

ஆர்க்காட்டிலிருந்து கலவை போகும் சாலையில் இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். 2012 முதல் திரௌபதி அம்மன் கோயில் வரி நோட்டு என் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. அந்த மாதிரிச் செய்தியை அனுப்புகிற ஆள் நான்தான். அதனால் கேள்வியைப் படித்தவுடன் சுருக்கென்றது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தர்மகர்த்தா இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கணக்குத் தெரிந்தவன் என்பதால் நோட்டு என் தலையில் விழுந்தது. வரிப்பணத்தில் ஒரு டீகூடக் குடித்ததில்லை. வரி வாங்கப் போன வீடுகளில் அவர்களாகப் போட்டுக் கொடுத்ததைக் குடித்திருக்கிறேன், அது வேறு.

உங்களை ஓசூரில் இருப்பவராக நினைத்துக்கொள்கிறேன். அப்பா இல்லை, அம்மா உங்களோடு இருக்கிறார், ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது, திண்ணையில் யாரோ ஆடு கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரே சரியாகச் சொல்ல வராது. இந்த நிலையில் இரண்டாயிரம் ரூபாய் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

பணம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் பாரதம். கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் பகலில் பிரசங்கம் தொடங்கும், பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். பிறகு பத்து ராத்திரி கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று போய்ப் பதினெட்டாம் போரில் முடியும். அடுத்த நாள் காலை படுகளம், மாலை தீமிதி, மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம். 2018இல் 312 தலைக்கட்டு, தலைக்கு 1,500 வீதம் நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் வர வேண்டும். பாதிக்கு மேல் ஜமாவுக்கே, அதாவது கூத்தாடும் குழுவுக்கே போய்விடும். பந்தல், மைக் செட், அர்ச்சுனன் ஏறும் தபசு மரம், தீமிதிக்கு விறகு எல்லாம் மீதியில். இதில் போலீஸ் அனுமதிக்கு அலைவது தனிக் கதை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. கூத்து ஆரம்பிப்பதே பத்து மணிக்கு!

"இந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டலாமே" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். கட்டலாம். அதற்கு வசூல் செய்ய யார் வருகிறீர்கள் என்று கேட்டால் அவர்களும் ஓசூரில்தான் இருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 2018 வைகாசி, பதினெட்டாம் போர் ராத்திரி.

படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணில் செய்து படுக்க வைப்போம். பார்த்திராதவர்களுக்காக: ஏரி மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, முப்பது அடிக்கு மேல் நீளமாக மல்லாந்து கிடக்கும் உருவம் பிடிப்பார்கள். சுண்ணாம்பு, செம்மண், கரி கொண்டு கண், மீசை, கிரீடம் எல்லாம் வரைவார்கள். தொடையில் குங்குமம் கரைத்த தண்ணீர்ச் சட்டியைப் புதைப்பார்கள். காலையில் பீம வேஷக்காரர் தொடையை அடித்துப் பிளந்ததும் சிவப்பாகக் கொப்பளிக்கும், அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். துரியோதனன் மனைவி முறமும் துடைப்பமும் கையிலெடுத்து ஒப்பாரி வைப்பாள். முடிந்ததும் மண்ணுக்கு அடிதடி நடக்கும். ஆளுக்கொரு பிடி எடுத்துப்போய் நிலத்தில் போட்டால் விளையும் என்பார்கள்.

எங்களுக்கு உருவம் பிடிக்கிற பெரியவர் பக்கத்து ஊர்க்காரர். சாயங்காலமே வேலையை முடித்து, கூலியும் வேட்டியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி இரண்டு மணிக்குக் கோடை மழை பிடித்தது. மழையா அது, வானம் பிய்த்துக்கொண்டது. கூத்து நின்றது. ஜமாக்காரர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். முகத்தில் பாதி அரிதாரத்தோடு ஒரு துரியோதனன் உள்ளே உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். வெளியே இன்னொரு துரியோதனன் கரைந்துகொண்டிருந்தான்.

மூன்றரைக்கு மழை விட்டபோது டார்ச் அடித்துப் பார்த்தோம். கிரீடம் இல்லை, மூஞ்சி இல்லை, ஒரு காலும் பாதி வயிறும்தான் மிச்சம். பெரியவருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். ஆள் அனுப்பலாமென்றால் வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். நாட்டாமை மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். படுகளம் இல்லாமல் தீமிதி கிடையாது. காப்புக் கட்டினவர்கள் காப்பை எப்படி அவிழ்ப்பது?

மைக் செட்டோடு வேலைக்கு வந்திருந்த பையன் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தான். காலனிப் பையன், எலக்ட்ரீஷியன். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் ஊர் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை, என் வாயிலிருந்தும்.) "அண்ணா, எங்கள் ஆட்கள் சூளையில் கல் அறுக்கிறவர்கள். மண் எங்களுக்குத் தெரியும். கூப்பிடட்டுமா?" என்றான். நாட்டாமை மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பெருந்தன்மையால் எல்லாம் சரி என்று சொல்லவில்லை, வேறு வழியில்லை.

நாலு மணிக்கு மண்வெட்டி, கூடையோடு இருபத்தாறு பேர் வந்தார்கள். ஈர மண்ணைத் திரும்பக் குவித்தால் நிற்காது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். சூளைக் கொட்டகைக்குள் நனையாமல் கிடந்த காய்ந்த மண்ணைச் சுமந்து வந்தார்கள். அதில் உமி கலந்து மிதித்தார்கள். கல் அறுக்கிற ஓர் அம்மாதான் மூக்கு வைத்தார். எட்டரைக்குத் துரியோதனன் எழுந்துவிட்டான், அதாவது படுத்துவிட்டான். இடது கை கொஞ்சம் குட்டையாகப் போயிற்று. முகம் முன்பு பார்த்த எந்தத் துரியோதனனைவிடவும் நன்றாக இருந்தது. இதைச் சொன்னால் பெரியவருக்கு வருத்தம் வரும், வரட்டும்.

ஒன்பதரைக்குப் பம்பை முழங்கப் படுகளம் நடந்தது. உருவம் பிடித்த இருபத்தாறு பேரும் எங்கே நின்று பார்த்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. எப்போதும் நிற்கும் புளியமரத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்களாம். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்: மண் வேலை, 26 ஆள், தலைக்கு 300, ஆக 7,800.

பணம் திரும்பி வந்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர் அந்தப் பையனோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "கூலிக்கு வரவில்லை. அடுத்த பாரதத்துக்கு எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் நோட்டில் அந்தத் தெருவே கிடையாது. எனக்கு முன் எழுதியவர் நோட்டிலும் இல்லை. "பாவம், கூலிக்காரர்கள், அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது" என்பார் என் அப்பா. நானும் அப்படியே சொல்லி வந்தவன்தான், நல்ல மனசு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். வரி கொடுத்த வீட்டு வாசலில் சாமி நின்று தீபாராதனை வாங்கும். வரி கொடுத்தவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். வாங்காமல் விட்டதில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

2021இல் கொரோனாவால் பாரதம் இல்லை, 2022க்குத் தள்ளிப்போனது. அந்தப் பங்குனியில் கூடிய ஊர்க்கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நாட்டாமை மாமா ஒளிக்காமல் சொன்னார்: "வரி வாங்கினால் சாமி அந்தத் தெருவுக்குப் போக வேண்டும்." கூச்சல் எழுந்தது. இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார்கள். அப்போது ஒருவர், "வரி என்று வேண்டாம், நன்கொடை என்று தனி ரசீதில் வாங்கிக்கொள்வோம், இரு தரப்புக்கும் பழுதில்லை" என்று யோசனை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ஒருவர் நான்தான். இதை எழுத வேண்டாமென்று இரண்டு முறை அழித்தேன்.

ரசீது போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையன் வாங்கிப் படித்தான், மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான். "நன்கொடை வெளியூர்க்காரர்கள் கொடுப்பது அண்ணா. நாங்கள் வெளியூரா?"

இங்கே ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் நோட்டீஸ் அடிக்கப் போனால் அச்சகத்தில் மாவட்டப் பெயர் என்ன போடுவது என்று கேட்டார்கள். 2019இல் நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம் ஆகிவிட்டோம். அதற்கு முன் வேலூர் மாவட்டம். எங்கள் பெரியவர்கள் மூன்று பேர் "வட ஆர்க்காடு என்று போட்டால்தான் நோட்டீஸுக்கு அழகு" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். பிறந்த மாவட்டம் ஒன்று, சாகிற மாவட்டம் ஒன்று என்றாக்கினால் கிழவர்கள் என்னதான் செய்வார்கள்? வீட்டு வரி ரசீது, பட்டா, ரேஷன் அட்டை என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். ஒரு பெயர்த் திருத்தத்துக்காக நான் மட்டும் நாலு முறை அலுவலகம் ஏறி இறங்கினேன். மாதிரிக்காகப் பழைய நோட்டீஸ்களைத் தேடி எடுத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. 1989இல் பழைய மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது எங்கள் பாதிக்கு வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து நோட்டீஸ் இரண்டிலும் வெறும் "வட ஆர்க்காடு மாவட்டம்" என்றுதான் இருக்கிறது. நடுப்பெயர் எப்படி விழுந்தது என்று அச்சகக்காரரைக் கேட்டுப் பயனில்லை.

சரி, 2022. இன்னும் இரண்டு கூட்டம், ஓர் அமைதிப் பேச்சு எல்லாம் முடிந்து, நோட்டில் புதுப் பக்கம் போட்டு 88 பெயர் எழுதினேன். 88 பேரும் கொடி ஏறுவதற்கு முன்பே கட்டிவிட்டார்கள், ஒருவர் பாக்கியில்லை. பழைய பக்கங்களில் 23 பேர் வீம்புக்கு அந்த வருடம் கட்டவில்லை. சாமி அந்தத் தெரு முனை வரை போயிற்று, உள்ளே போகவில்லை. வண்டி திரும்ப இடம் இல்லையாம். அந்தத் தெருவில் செங்கல் லாரி திரும்புகிறது. 2025இல் உள்ளே போயிற்று, பதினோரு வாசலில் நின்றது. மற்ற வாசல்களை மணியடித்தபடியே கடந்துவிட்டார்கள், நேரமாகிவிட்டதாம். இதையெல்லாம் படித்துவிட்டு "இப்படிப்பட்ட ஊருக்கா வரி கொடுக்கச் சொல்கிறாய்" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் வண்டியை யார் நிறுத்துவது, எத்தனை வாசலில் நிறுத்துவது என்று பேசுகிற கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. வந்திருந்தால் எண்ணிக்கை மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது என் நோட்டில் வெளியூர் போனவர்கள், வீடு பூட்டிக் கிடப்பவர்கள் 61 பேர். 2025இல் அவர்களில் 19 பேர் உங்கள் கேள்வியை அப்படியே என்னிடம் கேட்டார்கள். அதில் ஒருவன் என் கூடப் பிறந்த தம்பி, பெங்களூரில் இருக்கிறான். "அண்ணா, நான்தான் அங்கே இல்லையே" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதினான்.

கட்ட விருப்பம் இல்லையென்றால் கட்ட வேண்டாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஊர்க்கூட்டம் நடக்கிற நாளில் நேரில் வந்து, "நான் இந்த ஊர் இல்லை, என் பெயரை அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அடிக்கச் சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன். தம்பிக்கும் இதையேதான் எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை.