வரிசையா, குலுக்கலா?

கேள்வி: பல்கலைக்கழகக் கலைவிழாவுக்கு இதுவரை முந்தி வருவோருக்கே அனுமதிச்சீட்டு வழங்கினார்கள். இம்முறை பெயர்களைப் பதிந்து குலுக்கல் மூலம் தெரிவு செய்யப் போகிறார்களாம். விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் இரசிகனையும் வீட்டிலிருந்தபடி பெயர் கொடுத்தவனையும் ஒரே தட்டில் வைப்பது நீதியா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: வரிசை ஆர்வத்தைக் காட்டுகிறது என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதைவிடத் தெளிவாக அது அவரவர் வீட்டின் தூரத்தைக் காட்டுகிறது. கல்லடியிலுள்ள நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறினால் விடியுமுன்னரே முன்வரிசையில் நிற்பீர்கள். மட்டக்களப்பு வாவியின் மறுகரையில், மண்டூரிலுள்ள மாணவி ஒருத்தி, ‘பாதை’ எனப்படும் மிதவைப்படகு புறப்படும்வரை துறையில் காத்திருந்து, குருமண்வெளியில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து, கல்முனைப் பக்கமிருந்து நிரம்பி வரும் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபடி வந்து சேரும்போது சீட்டுகள் முடிந்திருக்கும். அவளுக்கு ஆர்வம் குறைவென்று எந்த அளவுகோலால் சொல்கிறீர்கள்?

இந்த நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதமானோர் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகின்றனர். பிறந்த இடம் ஒருவரின் வாய்ப்பைச் சுருக்கிவிடக் கூடாது என்ற அந்த நியாயத்தால் பயன்பெற்ற கிழக்கு மாகாணத்தவராகிய நாம், அனுமதிச்சீட்டு என்றதும் அதை மறந்து ஓட்டப்பந்தயம் கேட்பது எனக்கு விந்தையாக இருக்கிறது.

குலுக்கல் என்றதும் குருட்டதிர்ஷ்டம் என்று முகம் சுளிப்பவர்கள், முதலாம் பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டை ஒருமுறை படிக்கலாம். ஊர்ச்சபை உறுப்பினருக்கு நிலம், வயது, கல்வி எனத் தகுதிகளை முதலில் விதித்துவிட்டு, தேறியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையார் முன்னிலையில், விபரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்திருக்கிறார்கள். அதே வழியில், மேடையேறும் மாணவரின் பெற்றோருக்கென ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிகுதியைக் குலுக்குவதில் தவறில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு பதிவு மட்டுமே என்பதையும், சீட்டை மற்றவருக்குக் கைமாற்ற முடியாது என்பதையும் முன்கூட்டியே அறிவித்து, குலுக்கலை எல்லோரும் பார்க்க நடத்த வேண்டும். அறைக்குள் நடந்தால் உங்கள் சந்தேகத்துக்கு நானும் கையொப்பமிடுவேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய விழாக்களில் சீட்டுகள் உண்மையில் குறைவது வரிசையாலுமல்ல, குலுக்கலாலுமல்ல. விநியோகம் தொடங்கு முன்னரே ‘அதிதிகள்’ என்ற பெயரில் கட்டுக்கட்டாகப் போய்விடுவதால்தான். விழாவன்று முன்வரிசைக் கதிரைகளிற் பாதி வெறுமையாகக் கிடக்க, வாயிலில் மாணவர் மறிக்கப்படுவதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். எத்தனை ஆசனங்கள் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்பதை அறிவித்தல் பலகையில் ஒட்டும்படியும், விழா தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் வராதவரின் ஆசனத்தை வாயிலில் நிற்பவருக்கு வழங்கும்படியும் ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதுங்கள். அக்கடிதத்தின் பிரதியை எமக்கும் அனுப்பினால் அடுத்த இதழில் பிரசுரிப்போம்.