வசைமழைக்கு நடுவே ஒரு வரி

கேள்வி: நாள் கணக்குப் போடும் சிறிய திறமூல நிரலகம் (யாரும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளக்கூடிய நிரல்தொகுப்பு) ஒன்றை ஆறு வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். போன மாதம் வெளியிட்ட 3.0 பதிப்பில் பழைய செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்றை நீக்கிவிட்டேன். அன்றிலிருந்து வசைமழைதான். 140 மறுமொழிகள் வந்துவிட்டன. ‘பயனரை மதிக்கத் தெரியாதவர்’ என்கிறார் ஒருவர். இனி யாரும் எழுத முடியாதபடி விவாதத்தைப் பூட்டிவிடச் சொல்கிறார் உடன் பணியாற்றும் நண்பர். கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நீங்கள் பூட்டினால் வேறோர் இடத்தில் பேசுவார்கள். அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

140 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். எத்தனை பேர் என்று எண்ணுங்கள். என் திட்டத்தில் ஒருமுறை 60 மறுமொழிகள் குவிந்தன. பேனாவும் தாளுமாக உட்கார்ந்து எண்ணினேன்: எழுதியவர்கள் ஒன்பது பேர். தன் வேலை எங்கே தடைப்பட்டது என்று சொன்னவர்கள் மூன்றே பேர். முதல் பதில் அந்த மூவருக்கு.

அந்த மூவரில் வாய்த்துடுக்கானவரும் இருக்கலாம். கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றும் கருவி ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். ஒரு பயனர் நான்கு வரி எழுதினார். முதல் வரியில் என் அறிவையும் இரண்டாம் வரியில் என் பொறுப்பையும் பழித்திருந்தார். அந்த இரண்டு வரிகளுக்கும் மறுப்பு எழுதி, அடித்து, மீண்டும் எழுதி இரண்டு நாள் கழித்தேன். மூன்றாம் வரியை மூன்றாம் நாள்தான் ஒழுங்காகப் படித்தேன்: ‘சில கோப்புகள் காணாமல் போகின்றன.’ ஒரு கோப்புறையில் பன்னிரண்டு கோப்புகளைப் போட்டு, எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றும்படி கருவியை ஓட்டினேன். பதினொன்றுதான் மிஞ்சியது. இரண்டு கோப்புகளுக்கு ஒரே பெயர், ஒன்றில் மட்டும் முதலெழுத்து பெரியது. மாற்றியதும் ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிட்டது. எச்சரிக்கை ஏதும் வரவில்லை. அந்த மனிதரின் கோப்பை அழித்துவிட்டு, அவருடைய மரியாதைக் குறைவைப் பற்றி நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

உங்கள் விஷயத்தில் பயனர்களின் கோபத்துக்குக் காரணம் இருப்பதாகவே படுகிறது. நேற்று வரை ஓடிய நிரல் இன்று நின்றால் யார்தான் பொறுப்பார்? பயனர்களின் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் கண்டிப்பான விதியாக வைத்திருக்கிறார். விதி நல்லது, அதற்காக அவர் சக நிரலாளர்களைத் திட்டிய விதம்தான் நல்லதல்ல. 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். ஆகவே நீக்கிய செயற்கூற்றை 3.0.1இல் திரும்பக் கொண்டுவாருங்கள். அழைக்கும்போதெல்லாம் ‘இது 4.0இல் நீங்கும், மாற்று இது’ என்று எச்சரிக்கட்டும். இது தோல்வி அல்ல, விட்டுப்போன ஒரு படி.

விவாதத்துக்கு எல்லை வேண்டும் என்ற நண்பரின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் பெரிய மாற்றங்களை முடிவெடுக்கும் முன் இறுதிக் கருத்துக்கென்று பத்து நாள் அறிவிக்கிறார்கள். நீங்களும் தேதி சொல்லிவிட்டு, அதன்பின் பூட்டுங்கள். முடிவை எழுதும்போது, ஏற்காத யோசனைகளையும் ஏற்காததன் காரணத்தோடு எழுதுங்கள். பைத்தான் நிரல்மொழியை மாற்றக் கோரும் முன்மொழிவுகளில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. அதே கேள்வியோடு அடுத்த மாதம் வருபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

இன்னொன்று: 140க்கும் நீங்கள் ஒருவரே பதில் எழுதாதீர்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ஒரு புதிய குறியீட்டைச் சேர்க்கும் முன்மொழிவு 572 கிளப்பிய சச்சரவுக்குப் பின் 2018 ஜூலையில் தலைமையை விட்டு விலகினார். குறியீடு 3.8 பதிப்பில் வந்தேவிட்டது; களைத்துப்போனது மனிதர்தான். இப்போது ஐவர் குழு ஒன்று அந்தப் பொறுப்பைச் சுமக்கிறது. உங்களுக்கு இரண்டு நண்பர்கள் இருக்கிறார்களே, பூட்டுவதைப் பற்றிச் சண்டை போடுவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வாரம் பதில் எழுதட்டும்.

கேள்வி: ‘உங்களால் முடியவில்லை என்றால் திட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று இரண்டு மூன்று பேர் தொடர்ந்து நெருக்குகிறார்கள். உதவ ஒருவர் தயாராகவும் இருக்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: நெருக்கடிக்காகக் கொடுக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் நடந்தது இதுதான். தனியாளாக அதைக் கவனித்துவந்தவரை, வேகம் போதாது என்று சில கணக்குகள் விடாமல் குறைகூறின. பொறுமையாக உதவிவந்த ஒருவருக்கு மெல்ல மெல்ல உரிமைகள் கிடைத்தன. 2024இல் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது வெளியாள் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, ஒளிந்திருந்தது. உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார்.

உதவ வருபவர்களை எல்லாம் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவருக்கு முதலில் வழுக்களை (நிரல் பிழைகளை)ச் சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். வெளியீட்டுச் சாவி, அதாவது புதிய பதிப்பை வெளியிடும் உரிமை, உங்களிடமே இருக்கட்டும். தாமதத்துக்கு ஒரு வரி போதும்: ‘ஓய்வு நேரத்தில் செய்கிறேன், இந்த மாதம் நேரமில்லை.’

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் பயன்படுத்தும் திறமூல மென்பொருள் புதிய பதிப்பில் கெட்டுப்போய்விட்டது. இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ‘கெட்டுப்போய்விட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். நானே வழி சொல்லியிருப்பேன். ஆனால் அது எந்த மென்பொருள் என்று எழுத மறந்துவிட்டீர்கள்.