நண்பர்கள் சேர்ந்து கிராமப்புறத்தில் குடியேறி ஓய்வுக்காலத்தை ஒன்றாகக் கழிக்க, எப்படிப்பட்ட நிலத்தைத் தேட வேண்டும்?

அறுபதை நெருங்கும் ஆறு நண்பர்கள் நகரத்துக்கு வெளியே நிலம் வாங்கி, தனித்தனி வீடுகளும் பொதுவாக ஒரு கூடமும் கட்டிக்கொள்ள விரும்புவதாகவும், எத்தனை ஏக்கர் வேண்டும், எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் இதே கேள்வியோடுதான் கிளம்பி, நான்கு ஆண்டுகள் நிலம் பார்த்தோம். அந்த நான்கு ஆண்டுகளில் முதல் மாதத்திலேயே எழுதி முடித்திருக்க வேண்டியது வேறொன்று: ஒருவர் விலகினால், நோயில் படுத்தால், இறந்தால் அவருடைய பங்கு என்ன ஆகும் என்பது.

ஐந்து குடும்பங்களாகத் தொடங்கினோம். ஆற்றை ஒட்டிய ஒரு நிலத்துக்கு முன்பணம் கொடுக்கவிருந்த வாரத்தில் நண்பர் ஒருவரின் மகள், "அப்பாவுக்குப் பிறகு அந்த வீடு எனக்கு வருமா? வந்தால் நான் அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாமா?" என்று கேட்டார். நாங்கள் ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பதில் சொன்னோம். முப்பது ஆண்டு நட்பில் பணத்தைப் பற்றி ஒருவரோடொருவர் ஒருமுறைகூட வெளிப்படையாகப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டே மாதங்களில் மூன்று குடும்பங்கள் விலகிக்கொண்டன. முன்பணம் கொடுக்காமல் இருந்ததால் நட்பாவது மிஞ்சியது.

பெரும்பாலோர் செய்வதைப் போல எல்லோர் பெயரிலும் ஒரே பத்திரமாகப் பதிவு செய்து, பிரிபடாத பங்குகளாக வைத்துக்கொள்வது எளிதுதான். ஆனால் பல நாடுகளின் சட்டங்களில் கூட்டு உரிமையாளர் ஒருவரோ அவருடைய வாரிசோ எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கோர முடியும். நிலத்தைப் பிரிக்க இயலாவிட்டால் முழுவதையும் விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி உத்தரவாகவும் கூடும். எண்பது வயதில் வீட்டைக் காலி செய்யும் நிலை யாருக்கும் வேண்டாம். ஆகவே எஞ்சிய நாங்கள் இரண்டு குடும்பங்களும், பின்னர் சேர்ந்த மூன்று குடும்பங்களும், பதிவு செய்த ஒரு சங்கத்தின் பெயரில் நிலத்தை வாங்கினோம். உறுப்பினருக்கு உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமை உண்டு. வாரிசுக்கு வருவது வீடு அல்ல, அவர் போட்ட பணமும் விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அதனோடு கூட்டப்படும் தொகையும், ஐந்து ஆண்டுத் தவணைகளில். இதில் குறை இல்லாமல் இல்லை. நிலத்தின் சந்தை விலை இரண்டு மடங்கானாலும் வாரிசுகளுக்கு அது கிடைக்காது. இப்படிப்பட்ட பங்கை ஈடாக வைத்துக் கடன் வாங்குவதும் கடினம். பிள்ளைகளையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட்டோம். உங்கள் ஊர்ச் சட்டம் இதற்கு இடம் தருமா என்பதை, நிலத்தரகரைப் பார்ப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

நண்பர்கள் கூடித் திட்டமிட்டுத் தடுமாறுவது புதிதல்ல. டென்மார்க்கில் யான் குட்மன்ட் ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964-இல் நண்பர்கள் சிலரோடு கோபன்ஹேகனுக்கு வெளியே நிலம் வாங்கி, பொதுக்கூடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள் கட்டத் திட்டமிட்டார். அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் அது நடக்கவில்லை. அந்த எண்ணத்தின் வழியில் சேட்டதாமன் என்னும் முதல் கூட்டுக் குடியிருப்பு உருவானது 1972-இல்தான். லண்டனில் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட நியூ கிரவுண்ட் என்ற 25 வீடுகள் கொண்ட குடியிருப்பு, 1998-இல் பேச்சாகத் தொடங்கி 2016-இல்தான் குடியேற்றம் கண்டது. அறுபதை நெருங்குகிறவர்கள் இந்தப் பதினெட்டு ஆண்டுகளைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தாரின் ஒப்புதலையும் கட்டட அனுமதியையும் கிரயத்துக்கு முன்பே உறுதி செய்துகொள்ளச் சொல்வது அதனால்தான்.

ஒரே வயதுடையவர்களாகச் சேர்வது இயல்பானது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் தளர்ந்துபோவீர்கள். உங்களைவிட இளையவர் இருவரையாவது இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பைப் பற்றியும் எழுதி வையுங்கள். உணவு கொடுப்பது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது ஆகியவை நண்பர்களால் முடியும். குளிப்பாட்டுவதும் இரவு விழித்திருப்பதும் மாதக்கணக்கில் முடியாது. அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வர வேண்டும்; அவர் தங்குவதற்குப் பொதுக்கூடத்தை ஒட்டி ஓர் அறை வேண்டும். எங்கள் வரைபடத்தில் நூலகம் இருந்தது, அந்த அறை இல்லை. இப்போது நூலகம் இல்லை.

நிலம் வாங்குமுன் எல்லோரும் இரண்டு மாதங்கள் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாக வாழ்ந்து பாருங்கள். எங்களோடு சேர வந்தவர்களில் மிகுந்த உற்சாகத்தோடு இருந்தவர் மூன்றாம் வாரத்தில் மூட்டை கட்டினார். விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம், பொதுச் சமையல் வாரத்துக்கு எத்தனை முறை என்பன போன்ற சில்லறை விஷயங்கள்தாம் காரணம். ஆனால் தினமும் வருபவை அவைதாம். தனிச் சமையலறை ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டாயம் வேண்டும் என்பது அங்கேதான் முடிவாயிற்று.

இனி நிலம். முதலில் மருத்துவமனை. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குமுன் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே அருகில் மருத்துவமனை இருக்கிறதா என்று கேட்பது போதாது, இரவு இரண்டு மணிக்கு அங்கே ஸ்கேன் எடுப்பார்களா என்று கேளுங்கள். நிலத்திலிருந்து அங்கே இரவில் ஒருமுறை வண்டியோட்டிப் பாருங்கள். வண்டி ஓட்ட முடியாத காலமும் வரும், எனவே பேருந்து செல்லும் சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பது நல்லது. அடுத்தது தண்ணீர்: கிணறு இருக்கிறது என்ற சொல்லை நம்பாமல், கோடையின் கடைசியில் பல மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்த்து, எவ்வளவு விரைவில் மீண்டும் ஊறுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதே நிலத்தைக் கனமழை வாரத்திலும் போய்ப் பாருங்கள். எங்களை மயக்கிய அந்த ஆற்றங்கரை நிலத்தை அடுத்த மழைக்காலத்தில் பார்த்தபோது, நாங்கள் கூடம் கட்ட நினைத்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பாதை உரிமை பத்திரத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பரப்பைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பதில் பாதி போதும். எழுபத்தைந்து வயதில் களை எடுக்கப்போவதும் நீங்கள்தான்.

நாங்கள் குடியேறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கேள்வி கேட்ட அந்த மகளின் தந்தைதான் என்னோடு எஞ்சிய இன்னொருவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார். மகளுக்கு மூன்றாவது தவணையைப் போன மாதம் அனுப்பினோம். அவர் வீட்டில் இப்போது ஐம்பத்தாறு வயதுத் தம்பதியர் இருக்கிறார்கள். இரவில் அவசரம் என்றால் வண்டியை எடுப்பது அவர்கள்தான்.